திருச்செந்தூர் எம்.பி. டி.டி.கே.யின் இரண்டு ராஜினாமாக்கள்

உடன்குடியிலிருந்து குரூப் 1 தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “1962-ல் நம்ம திருச்செந்தூர் தொகுதியில் போட்டியே இல்லாமல் எம்.பி. ஆன டி.டி. கிருஷ்ணமாச்சாரி, இரண்டு தடவை நிதி அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தாராமே அண்ணாச்சி. ஒரு புத்தகத்தில் ஊழல் என்று போட்டிருக்கிறது, ஒரு வீடியோவில் பலிகடா என்கிறார்கள். எது சரி? அவர் போனதால் அரசியலில் என்னதான் மாறியது?”

தம்பி, ஊழல் என்ற சொல்லும் பொருந்தாது, பலிகடா என்ற சொல்லும் பொருந்தாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு அமைச்சர் ராஜினாமா செய்தால் எல்லோரும் போகிற ஆளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர் எந்த ஃபைலை மூடினார், எந்த ஃபைலைத் திறந்தார் என்று பார்த்தால்தான் விளைவு பிடிபடும். டி.டி.கே. விஷயத்தில் இது இரண்டு தடவையும் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1899-ல் பிறந்தவர். அடிப்படையில் சென்னை வியாபாரி. 1928-ல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கி, லீவர் சோப்பு மாதிரியான சாமான்களைத் தென்னாடு முழுக்கக் கடை கடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். நம்ம வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுத்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், கல்யாணச் சீரில் வரும் பிரஸ்டீஜ் குக்கர், இரண்டும் அந்தக் குடும்பத்துக் கம்பெனிகளின் சரக்குதான். அரசியல் நிர்ணய சபையில் வரைவுக் குழு உறுப்பினர். அரசியல் சட்டத்தை எழுதும் பாரம் கடைசியில் அம்பேத்கர் ஒருவர் தலையிலேயே விழுந்தது என்று 1948 நவம்பரில் சபையிலேயே எழுந்து சொன்னவர் இவர்தான். இந்தி பேசும் மாகாணத்து நண்பர்களைப் பார்த்து, உங்களுக்கு முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்று கேட்டவரும் இவர்தான். வாய் கூர்மை. அந்த வாயால் டெல்லியில் நண்பர்களைவிட விரோதிகளை அதிகம் சம்பாதித்தார் என்பது என் அபிப்பிராயம்.

அவர் நிதி அமைச்சகத்துக்கு வந்ததே இன்னொருவர் ராஜினாமாவால்தான். பம்பாய் நகரத்தை மகாராஷ்டிரத்தோடு சேர்க்காததை எதிர்த்து சி.டி. தேஷ்முக் 1956-ல் வெளியேறினார். தொழில், வர்த்தகத் துறையிலிருந்த டி.டி.கே. அந்த இடத்துக்கு வந்தார். வந்தபோது கஜானா நிலைமை மோசம். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்குப் பணம் வேண்டும், அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருக்கிறது. நிக்கோலஸ் கால்டோர் என்ற கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் இந்திய வரிகளை ஆராய்ந்து 1956-ல் ஒரு அறிக்கை கொடுத்திருந்தார். வருமானத்துக்கு மட்டும் வரி போட்டால் பணக்காரன் தப்பித்துவிடுவான், அவன் சொத்து, செலவு, அன்பளிப்பு, சொத்து விற்ற லாபம் எல்லாவற்றையும் சேர்த்து வளைத்தால்தான் பிடிபடுவான் என்பது அதன் சாரம். டி.டி.கே. அதைக் கையில் எடுத்தார். 1956 முடிவதற்குள், சொத்து விற்ற லாபத்துக்குப் போடும் மூலதன ஆதாய வரி திரும்ப வந்தது. 1957 மே மாத பட்ஜெட்டில் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன.

செலவு வரி இந்தியாவில் அதுவரை யாரும் கேள்விப்படாதது. நீ எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்காமல் எவ்வளவு செலவழித்தாய் என்று கேட்கிற வரி. நாலு கார், எட்டு வேலையாள், ஊரே மெச்சும் கல்யாணம் என்று செலவழித்துவிட்டு வருமானமே இல்லை என்று கணக்குக் காட்டும் பெரிய வீடுகளுக்கு வைத்த கண்ணி அது. அதை வைத்தது ஒரு முதலாளி! அதனால்தான் அவர்மேல் முதலாளிகளுக்கு இரட்டிப்புக் கோபம். நடுத்தரச் சம்பளக்காரரையும் அவர் விடவில்லை. வருமான வரி விலக்கு வரம்பை 4,200 ரூபாயிலிருந்து 3,000-க்கு இறக்கினார். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் அவரை வாழ்த்தியிருக்க வாய்ப்பில்லை.

இந்த பட்ஜெட் வந்த அடுத்த மாதம்தான் முந்த்ரா விவகாரம் நடக்கிறது. நான் எல்.ஐ.சி.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை நாட்டுடைமையாக்கி எல்.ஐ.சி. பிறந்தது 1956 செப்டம்பர் 1-ம் தேதி. 245 நிறுவனங்களை ஒன்றாக்கினார்கள். அவற்றில் சிலதில் முதலாளிகள் பாலிசிதாரர் பணத்தை எடுத்துத் தங்கள் தொழிலில் போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் நாட்டுடைமைக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அப்படிப் பிறந்த எல்.ஐ.சி., ஒரு வயது கூட ஆகாத நிலையில், 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் கையிலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ், ஜெசாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அதில் உண்டு. முந்த்ராவோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஆள். எல்.ஐ.சி.க்கு ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்காமலே வாங்கினார்கள், அதுவும் சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்து. வாங்கச் சொன்ன உத்தரவு வந்தது நிதி அமைச்சகத்து முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலிடமிருந்து.

நாடாளுமன்றத்தில் முதலில் கேள்வி வந்தபோது அமைச்சகத்தின் பதில் மழுப்பலாகத்தான் இருந்தது. 1957 டிசம்பரில் ரேபரேலி எம்.பி. பெரோஸ் காந்தி எழுந்து விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆளுங்கட்சிக்காரர், அதற்கும் மேல் நேருவின் மருமகன். அதன்பிறகு மூடி மறைக்க வழியில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா தனிநபர் கமிஷனாக நியமிக்கப்பட்டார். விசாரணையைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தினார். உள்ளே இடம் போதாமல் வெளியே ஒலிபெருக்கி கட்டி ஜனங்கள் நின்று கேட்டார்கள். நியமித்த நாளிலிருந்து 24 நாளில் அறிக்கை வந்துவிட்டது. இன்று கமிஷன் போட்டால் அதன் பதவிக் காலத்தை நீட்டிக்கொண்டே போவதைப் பார்க்கிற நமக்கு இது நம்ப முடியாத வேகம்.

விசாரணையில் டி.டி.கே. சொன்னது, செயலாளர் செய்தார், நான் ஒப்புதல் தரவில்லை என்பது. கல்கத்தா பங்குச் சந்தையைத் தூக்கி நிறுத்தத்தான் வாங்கினோம் என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டது. சாக்லா அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. செயலாளர் செய்தது அமைச்சர் செய்ததுதான், தெரிந்த பிறகும் தடுக்காதவர் பின்னாளில் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று சொன்னார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். முந்த்ரா பின்னர் சிறைக்குப் போனார்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வாருங்கள். டி.டி.கே. கைநீட்டிக் காசு வாங்கினார் என்று சாக்லா சொல்லவில்லை. அதனால் ஊழல் என்று ஒரே சொல்லில் எழுதுவது தப்பு. ஆனால் பலிகடா என்பவர்கள், அவர் தன் செயலாளரைப் பலிகடா ஆக்கப் பார்த்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். ‘நான்தான் பொறுப்பு’ என்று அவர் டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் பதவி போயிருக்கும், பெயர் நின்றிருக்கும். 1956 நவம்பரில் அரியலூரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நம்ம பக்கத்துக்கு வந்துகொண்டிருந்த ரயில் அது. அதற்காக ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி விசாரணைக்குக் காத்திராமல் ராஜினாமா செய்தார். சாஸ்திரி தண்டவாளத்தைப் பிடுங்கவும் இல்லை, டி.டி.கே. முந்த்ராவிடம் காசு வாங்கவும் இல்லை. ஒருவருக்கு ராஜினாமா பிரதமர் நாற்காலி வரை ஏணியானது, இன்னொருவருக்கு வாழ்நாள் முழுக்கத் தழும்பானது. வித்தியாசம் எப்போது விட்டார்கள் என்பதில் இருக்கிறது.

விளைவுகளுக்கு வருவோம். பட்ஜெட்டுக்குச் சுமார் இரண்டு வாரம்தான் இருந்தது, நிதி அமைச்சர் இல்லை. நேருவே 1958 பிப்ரவரி 28-ல் பட்ஜெட் படித்தார். இந்தியப் பிரதமர் ஒருவர் பட்ஜெட் படித்தது அதுதான் முதல் தடவை. அதில் அன்பளிப்பு வரி வந்தது. அதாவது ஆள் போய்விட்டார், அவர் தொடங்கிய வேலை மட்டும் நடந்தது. ஆனால் அடுத்த மாதம் அந்த நாற்காலிக்கு மொரார்ஜி தேசாய் வந்தார். 1958-க்கு முன் மொரார்ஜி பல மந்திரிகளில் ஒருவர். நிதியைக் கையில் எடுத்தபின், அதுவும் ஆசாத், பந்த் போன்ற மூத்தவர்கள் அடுத்தடுத்து இறந்தபின், நேருவுக்குப் பிறகு இவர்தான் என்று பேசும் அளவுக்கு வளர்ந்தார். முந்த்ரா விவகாரம் இல்லாவிட்டால் மொரார்ஜி அந்த உயரத்துக்கு அத்தனை சீக்கிரம் வந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். 1962 பட்ஜெட்டில் மொரார்ஜி செலவு வரியை ரத்து செய்தார். வசூல் குறைவு, நிர்வாகம் கஷ்டம் என்று காரணம். வசூல் குறைவு என்பது உண்மைதான்.

திருச்செந்தூர் கதைக்குள் வருவது இந்த 1962-ல். டி.டி.கே. 1957-ல் ஜெயித்தது சென்னை தெற்குத் தொகுதியில். 1962-ல் அந்தத் தொகுதியை தி.மு.க. பிடித்தது. பிடித்தவர் நாஞ்சில் மனோகரன். நாஞ்சில் நாட்டுக்காரர் சென்னையில் நின்று ஜெயிக்கிறார், சென்னைக்காரர் திருச்செந்தூருக்கு வருகிறார், வேடிக்கைதான்! அந்தப் பொதுத் தேர்தலில் இந்தியா முழுக்க மூன்றே மூன்று மக்களவைத் தொகுதிகளில்தான் போட்டியின்றித் தேர்வு. தெஹ்ரி கர்வாலில் அந்த ஊர் ராஜா, ஒரிசாவின் அங்குலில் ஹரேகிருஷ்ண மஹதாப், இங்கே டி.டி.கே. முதல்வராக இருந்தவர் காமராஜர். தென்கோடியில் அவர் செல்வாக்கு உச்சத்தில் இருந்த நேரம். பட்டணத்தில் தி.மு.க. கொடி ஏறிவருவதைப் பார்த்த கட்சி, தனக்கு வேண்டிய ஆளைப் பத்திரமான இடத்தில் கொண்டுவந்து இறக்கியது என்றுதான் நான் படிக்கிறேன். ‘அவுக எந்த ஊரு?’ என்று கேட்க வேண்டிய தேவையே வாக்காளருக்கு வரவில்லை, ஓட்டுச் சீட்டே அச்சடிக்கவில்லையே. முந்த்ரா தழும்பை மக்கள் மன்றம் மன்னித்துவிட்டது என்று சிலர் இந்த வெற்றியைக் காட்டிப் பேசுவதுண்டு. போட்டியில்லாத தேர்தலில் மக்கள் எதையும் மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை.

நேரு அவரைத் திரும்ப மந்திரிசபையில் சேர்த்தார். முதலில் இலாகா இல்லாத மந்திரி, சீன யுத்தம் வந்ததும் பொருளாதார, பாதுகாப்பு ஒருங்கிணைப்பு. இதற்கிடையில் மொரார்ஜி 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்ற விதி. திருநெல்வேலி, ஆழ்வார்குறிச்சி, தென்காசி என்று எந்தத் தெருவில் ஆசாரிமார் பட்டறை இருந்ததோ அங்கெல்லாம் அடுப்பு அணைந்தது. தாலியைக்கூட 14 காரட்டில் செய்யச் சொல்கிறான் என்று பெண்கள் திட்டியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதே 1963 ஆகஸ்டில் காமராஜ் திட்டம். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய மந்திரிகளும் ராஜினாமா செய்தார்கள். அதில் காமராஜரும் உண்டு, சாஸ்திரியும் உண்டு, மொரார்ஜியும் உண்டு. மொரார்ஜி காலி செய்த நிதி இலாகா யாருக்குப் போனது? திருச்செந்தூர் எம்.பி.க்கு.

இரண்டாவது முறை டி.டி.கே. செய்த காரியங்களில் இன்றும் பெயர் சொல்கிறவை 1964-ல் வந்த யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும். நம்ம ஊர்க் கடைக்காரரும் வாத்தியாரும் பங்குச் சந்தையின் வாசலை மிதித்தது யூனிட் டிரஸ்டின் யூ.எஸ். 64 என்ற சேமிப்புத் திட்டம் வழியாகத்தான். சிறுசேமிப்பைத் தொழிலுக்குத் திருப்பும் யோசனை அது. முந்த்ரா விவகாரத்தில் நடந்ததும் சிறு மனிதர் பணம் தொழிலுக்குப் போனதுதான், ஆனால் திருட்டுவழி. இந்தத் தடவை சட்டம் போட்டு முறையாகச் செய்தார். ரத்தான செலவு வரியையும் 1964-ல் திரும்பக் கொண்டுவந்தார். பிடிவாதம்!

தூத்துக்குடி ஆழ்கடல் துறைமுக வேலை 1964-ல் தொடங்கியதால் அதையும் சேர்த்து டி.டி.கே. கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. துறைமுகக் கோரிக்கை வ.உ.சி. காலத்திலிருந்தே நம்ம பக்கத்தில் இருந்தது. கட்சி வேறுபாடு இல்லாமல் பலர் தள்ளித் தள்ளி வந்த தேர் அது. நிதி அமைச்சர் பக்கத்து ஊர் எம்.பி.யாக இருந்தது கெடுதல் செய்திருக்காது, அவ்வளவுதான் சொல்லலாம்.

இரண்டாவது ராஜினாமா 1965 டிசம்பர் 31. அவர் மகன்களின் கம்பெனிகளுக்குச் சலுகை காட்டினார் என்று எதிர்க்கட்சி எம்.பி.க்கள் குற்றச்சாட்டு மனு கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் கருத்துக் கேட்கலாம் என்று நினைத்தார். பிரதமர் என்னை நம்புகிறார் என்று சபையில் ஒரு வார்த்தை சொல்லாமல் நீதிபதியிடம் அனுப்புவதா என்று டி.டி.கே.க்குப் பொறுக்கவில்லை, கடிதம் கொடுத்துவிட்டார். அரியலூருக்காகத் தானே ராஜினாமா செய்த சாஸ்திரிக்கு, இதில் தப்பாக ஒன்றும் பட்டிருக்காது. சாக்லா முன் நின்ற அனுபவம் இருந்தவருக்கோ நீதிபதி என்ற சொல்லே கசந்திருக்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆனால் சாஸ்திரி பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்பேன்.

பதினோரே நாள் கழித்து, ஜனவரி 11-ம் தேதி தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்துபோனார். அதனால் இந்த ராஜினாமா செய்தியாகக்கூட நிலைக்கவில்லை. பாடப் புத்தகங்களில் ஒரு வரியில் போய்விடுவது அதனால்தான். என் கணக்கில் முதல் ராஜினாமாவைவிட இதுதான் பெரிய விளைவை உண்டாக்கியது.

காரணம் ரூபாய். உலக வங்கி அனுப்பிய பெல் குழு, ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்று 1965-ல் சொல்லியிருந்தது. டெல்லி அதிகாரிகள் சிலரும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். மந்திரிசபையில் அதற்குக் குறுக்கே நின்ற பெரிய ஆள் டி.டி.கே. அவர் இடத்துக்கு வந்த சச்சீந்திர சௌத்ரி கல்கத்தா வக்கீல். கட்சியில் சொந்த பலம் இல்லாதவர், வேண்டாம் என்று மேசையைத் தட்டக்கூடியவர் இல்லை. 1966-ல் அவர் முதல் காரியமாக டி.டி.கே.யின் செலவு வரியை மறுபடி தூக்கி எறிந்தார். ஜூன் 6-ம் தேதி ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலர் 4.76 ரூபாய் என்று இருந்தது 7.50 ஆனது. 100 டாலருக்கு வெளிநாட்டுப் பஞ்சோ மிஷின் பாகமோ வாங்கிக்கொண்டிருந்த ஆலைக்காரர் 476 ரூபாய் கொடுத்த இடத்தில் 750 எண்ண வேண்டி வந்தது.

டி.டி.கே. இருந்திருந்தால் மதிப்புக் குறைப்பே நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. 1965 பாகிஸ்தான் யுத்தத்தோடு அமெரிக்க உதவி நின்றது, மழை பொய்த்தது, கையில் டாலர் இல்லை, எந்த அமைச்சருக்கும் மூச்சு முட்டியிருக்கும். ஆனால் சண்டை இல்லாமல் நடந்திருக்காது. நடந்த விதத்தில் காங்கிரஸ் தலைவரான காமராஜரையே முறையாகக் கலந்து பேசவில்லை. தான் பிரதமராக்கிய இந்திரா காந்தி தன்னைக் கேட்காமல் இத்தனை பெரிய முடிவு எடுத்ததை அவர் விழுங்கிக்கொள்ளவில்லை. 1969-ல் கட்சி உடைந்தபோது கண்ணுக்குத் தெரிந்த விரிசல், 1966 ஜூனிலேயே விழுந்துவிட்டது.

1967 தேர்தலில் மதராஸ் மாநிலத்தைக் காங்கிரஸ் இழந்தது, காமராஜர் விருதுநகரில் தோற்றார். இதற்கு ரூபாயைக் காரணம் காட்டினால் அது அதிகப்பிரசங்கித்தனம். இந்திப் போராட்டம் இருந்தது, அரிசித் தட்டுப்பாடு இருந்தது, ராஜாஜியின் சுதந்திராவும் தி.மு.க.வும் கைகோத்திருந்தன. மேடையில் பேசியது ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதைத்தான், டாலருக்கு எத்தனை ரூபாய் என்பதை இல்லை. ஆனால் விலைவாசி என்ற ஒரே சாக்குக்குள் எல்லாம் சேர்ந்துதான் விழுந்தது. திருச்செந்தூர் மக்களவைத் தொகுதி அந்தத் தேர்தலில் யாருக்குப் போனது தெரியுமா? சுதந்திரா கட்சிக்கு. சொத்து வரியையும் செலவு வரியையும், தொழில் நடத்த அரசு அனுமதி கேட்கும் லைசென்ஸ் முறையையும் இந்தியாவிலேயே அதிகமாக வைத கட்சிக்கு, அந்த வரிகளைப் போட்டவரின் தொகுதி! டி.டி.கே.யை மேலே உட்கார வைத்தபோது திருச்செந்தூரை யாரும் கேட்கவில்லை. கேட்டபோது வேறு பதில் வந்தது.

எச்.எம். படேல் என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். அரசாங்க வேலையை விட்டு குஜராத்துக்குப் போனார், சுதந்திரா கட்சியில் சேர்ந்தார். 1977-ல் ஜனதா ஆட்சி வந்தபோது பிரதமர் மொரார்ஜி, நிதி அமைச்சர் எச்.எம். படேல். முந்த்ரா வழக்கில் அமைச்சர் கைகாட்டிய செயலாளர், அதே அமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தார். டி.டி.கே. அதைப் பார்க்க இல்லை, 1974-லேயே காலமாகிவிட்டார்.

தேர்வுக்காக ஒரு திருத்தம், தம்பி. ‘திருச்செந்தூர் எம்.பி. முந்த்ரா ஊழலில் ராஜினாமா’ என்று எழுதிவிடாதீர்கள். 1958-ல் அவர் சென்னை தெற்கு எம்.பி. திருச்செந்தூர் எம்.பி.யாக அவர் ராஜினாமா செய்தது 1965-ல், அதற்கும் முந்த்ராவுக்கும் சம்பந்தமில்லை. காமராஜ் திட்டத்தில் ராஜினாமா செய்த ஆறு மத்திய மந்திரிகளிலும் அவர் கிடையாது, அந்தத் திட்டத்தால் பதவி பெற்றவர் அவர். நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் இந்த மூன்றையும் குழப்பித்தான் கொடுப்பார்கள்.